மார்க் ட்வெய்ன்: சுரங்கப் பங்கின் எல்லாத் தில்லுமுல்லும் தெரிந்தவர் திவாலானது எப்படி?

1894, ஏப்ரல் 18. நியூயார்க்கில் ஒரு பதிப்பகம் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. அதன் முக்கிய உரிமையாளருக்கு அப்போது வயது 58. அன்றைய அமெரிக்காவில் அவரைத் தெரியாதவர்களே கிடையாது. டாம் சாயர், ஹக்கிள்பெரி ஃபின் என்ற இரண்டு பையன்களை உலகத்துக்குக் கொடுத்தவர். மார்க் ட்வெய்ன்.

பெரிய எழுத்தாளர்கள் கடனாளி ஆவது புதுசு இல்லை. ஆனால் இவர் கதையில் ஒரு முரண் இருக்கிறது. பணம் எப்படிக் காணாமல் போகும் என்பதை இவர் இளம் வயதிலேயே கண்ணால் பார்த்தவர். வெள்ளிச் சுரங்கப் பங்குகளில் பணம் போட்டவர், இழந்தவர். அந்தப் பங்குகளை ஊதிப் பெருக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று உள்ளே இருந்து பார்த்த நிருபர். அதைப் பற்றிப் புத்தகமே எழுதிச் சம்பாதித்தவர். அப்புறமும் எப்படி மாட்டினார்?

இன்று மொபைலில் இரண்டு தட்டு தட்டினால் கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் குட்டிச் சுரங்க நிறுவனத்தின் பங்கை வாங்க முடிகிற காலத்தில், இந்தக் கேள்வி பழசாகவில்லை.

ஜூனியர் மைனிங் பங்கு என்றால்?

சுரங்க நிறுவனங்களில் இரண்டு வகை. தோண்டி, உலோகம் எடுத்து, விற்று, வருமானம் பார்ப்பவை ஒரு வகை. இன்னும் தேடிக்கொண்டே இருப்பவை இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையைத்தான் ஜூனியர் என்கிறார்கள். கையில் ஒரு நிலத்தின் மீதான உரிமை இருக்கும், சில துளைகள் போட்டிருப்பார்கள், நம்பிக்கை நிறைய இருக்கும். வருமானம் இருக்காது. செலவுக்குப் புதுப் பங்குகளை வெளியிட்டுக் காசு திரட்டிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலானவை கடைசிவரை சுரங்கம் ஆவதே இல்லை. அபூர்வமாக ஒன்று ஆகும்போது, பங்கு பல மடங்கு ஏறும். அந்த ஒன்றின் கதைதான் மற்ற எல்லாவற்றையும் விற்க உதவுகிறது.

ட்வெய்ன் பணம் போட்ட காலத்தில் ஜூனியர் என்ற பெயர் கிடையாது. ஆனால் அவர் வாங்கியது இதைத்தான்.

அப்பா விட்டுப்போன நிலம்

மார்க் ட்வெய்ன் என்பது புனைபெயர். இயற்பெயர் சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமன்ஸ். 1835 நவம்பர் 30 அன்று மிசௌரி மாநிலத்தின் ஃப்ளோரிடா என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஹானிபல் நகரில்.

அப்பா ஜான் மார்ஷல் கிளெமன்ஸ், டென்னசி மாநிலத்தில் பல்லாயிரம் ஏக்கர் நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார். கனிமம் இருக்கிறது, மரம் இருக்கிறது, ஒருநாள் பிள்ளைகளைப் பணக்காரர் ஆக்கிவிடும் என்று நம்பினார். 1847இல் அவர் இறந்தபோது குடும்பத்திடம் காசு இல்லை, நம்பிக்கை மட்டும் இருந்தது. நிலத்துக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. விற்கலாம் என்றால் நல்ல விலை இல்லை, விட்டுவிடலாம் என்றால் மனசு வரவில்லை. கடைசியில் குடும்பத்துக்கு உருப்படியாக எதுவும் கிடைக்காமலே அந்த நிலம் கை மாறியது.

இந்த நிலம் தங்கள் குடும்பத்துக்கு ஒரு சாபம் என்றே ட்வெய்ன் பின்னாளில் கருதினார். நாளைக்குப் பெரிய பணம் வரும் என்ற நினைப்பு, இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய விடாது என்பது அவர் கணிப்பு. கணிப்பு சரி. அவரே அதைப் பின்பற்றினாரா என்பதுதான் மீதிக் கதை.

அடிக்கணக்கில் விற்ற பங்கு

அப்பா போனதும் சாம் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோக்கும் வேலை. பிறகு மிசிசிப்பியில் நீராவிப் படகு ஓட்டும் பைலட் ஆனார். 1859இல் உரிமம் கிடைத்தது. நல்ல சம்பளம், மரியாதை. 1861இல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் ஆற்றுப் போக்குவரத்து நின்றுபோனது. வேலை போச்சு.

அதே நேரத்தில் அண்ணன் ஒரையனுக்கு நெவாடா பிரதேசத்தின் செயலாளர் பதவி கிடைத்தது. சாமின் சேமிப்புக் காசில் இருவரும் கோச்சு வண்டியில் மேற்கே கிளம்பினார்கள். 1861 ஆகஸ்டில் கார்சன் சிட்டி வந்து சேர்ந்தபோது சாமுக்கு வயது 25.

இரண்டு வருடத்துக்கு முன்புதான், 1859இல், பக்கத்தில் காம்ஸ்டாக் என்ற பிரமாண்டமான வெள்ளிப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் வர்ஜீனியா சிட்டி முளைத்தது. உண்மையான வெள்ளி, உண்மையான பணக்காரர்கள். அதனால்தான் பொய் சுலபமாக விலைபோனது. காம்ஸ்டாக்கைச் சுற்றிப் பல மைல் தூரத்துக்கு யார் எந்தப் பாறையில் கொடி நட்டாலும் அது அடுத்த காம்ஸ்டாக் ஆகிவிட்டது.

அங்கே சுரங்க உரிமையை அடிக்கணக்கில் விற்றார்கள். கனிமப் படிவம் ஓடும் நீளத்தில் உனக்கு இத்தனை அடி, எனக்கு இத்தனை அடி. சாம் அடிகளை வாங்க ஆரம்பித்தார். காசு? அண்ணன் ஒரையனின் சம்பளம் இருந்தது. எஸ்மரால்டா பகுதியின் அரோராவில் இருந்துகொண்டு, பணம் அனுப்பு, இந்த இடத்தில் பிடித்துவிட்டோம் என்ற தொனியில் 1862இல் அண்ணனுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார்.

மின்னியது வெறும் மைக்கா

முதல் பாடம் 1861இன் கடைசியில் கிடைத்தது. ஹம்போல்ட் பகுதிக்கு நண்பர்களோடு போன சாம், தரையில் மின்னும் துண்டுகளைப் பொறுக்கி, யாரும் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு, மனசுக்குள் கோட்டை கட்டினார். அனுபவசாலி ஒருவரிடம் காட்டியதும் விஷயம் முடிந்தது. அது மைக்கா. காசுக்கு ஆகாது. தங்கம் இயற்கையில் பகட்டாக மின்னாது என்பதை அன்று தெரிந்துகொண்டதாக அவர் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியம். கல்லைக் கண்டுபிடிப்பது வேலையின் தொடக்கம் மட்டுமே. பாறைக்குள் சுரங்கம் குடைய வேண்டும், வெடி வைக்க வேண்டும், அரவை ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காசு. சாமும் அவர் கூட்டாளிகளும் உளியும் சுத்தியலும் பிடித்து, சில நாளிலேயே களைத்துப் போனார்கள். கையில் காசு தீர்ந்து, அரவை ஆலையில் கூலி வேலைக்கே போனார். வாரம் 10 டாலர், சாப்பாடு உண்டு. ஒரு வாரத்தில் நின்றுவிட்டார்.

பூமிக்குள் உலோகம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதை எடுத்து விற்றால் செலவு போக மிஞ்சுமா என்பது வேறு கேள்வி. இன்றும் ஜூனியர் நிறுவனங்களில் நிறையப் பணம் இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் காணாமல் போகிறது.

பத்து நாள் கோடீஸ்வரர்

அரோராவில் நடந்ததாக ட்வெய்ன் சொல்லும் ஒரு சம்பவம் பிரசித்தம். வைட் வெஸ்ட் என்ற சுரங்கத்துக்குள், வெளியில் தெரியாத இன்னொரு வளமான படிவம் குறுக்கே ஓடுவதை அவர் கூட்டாளி கால்வின் ஹிக்பி கண்டுபிடித்தார். அதன் மீது யாருக்கும் உரிமை இல்லை. மூன்று பேர் சேர்ந்து உடனே உரிமை பதிந்தார்கள். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. எங்கே வீடு கட்டுவது, எந்த நாட்டுக்குப் பயணம் போவது என்று விடிய விடியப் பேச்சு.

அந்த ஊர்ச் சட்டப்படி, பதிந்த 10 நாளுக்குள் அங்கே ஓரளவு வேலை செய்து காட்ட வேண்டும். சாம் உடம்பு சரியில்லாத ஒருவரைக் கவனிக்கப் போய்விட்டார். ஹிக்பி இன்னொரு புதையலைத் தேடிக் கிளம்பினார். மூன்றாவது ஆளும் ஊரில் இல்லை. அவங்க பார்த்துக்குவாங்க என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். பத்தாவது நாள் நள்ளிரவு தாண்டியதும் வேறு ஆட்கள் உரிமையைப் பதிந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

கதையில் ட்வெய்ன் கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கிறார் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆனால் சட்ட நிபந்தனை கற்பனை இல்லை. சுரங்க உரிமை என்பது நிபந்தனைகளோடு வரும் காகிதம். வேலை செய்யாவிட்டால், கட்டணம் கட்டாவிட்டால், அனுமதி புதுப்பிக்காவிட்டால் பாறைக்குள் எவ்வளவு வெள்ளி இருந்தாலும் அது உங்களுடையது இல்லை.

இந்த அனுபவங்களைச் சொல்லும் ரஃபிங் இட் என்ற புத்தகம் 1872இல் வந்தது. அதை அவர் ஹிக்பிக்குத்தான் காணிக்கையாக்கினார்.

ஓசிப் பங்கு, நல்ல செய்தி

1862இன் பிற்பகுதியில் வர்ஜீனியா சிட்டியின் டெரிட்டோரியல் என்டர்பிரைஸ் பத்திரிகையில் வாரம் 25 டாலர் சம்பளத்தில் நிருபர் ஆனார். 1863 பிப்ரவரியில் மார்க் ட்வெய்ன் என்ற பெயரில் எழுத ஆரம்பித்தார்.

இங்கேதான் அவர் திரைக்குப் பின்னால் போனார். புதுசாக உரிமை பதிந்தவர்கள் நேராகப் பத்திரிகை ஆபீசுக்கு வருவார்கள். நிருபருக்கு 40, 50 அடி சும்மா கொடுப்பார்கள். பதிலுக்கு, வந்து பார்த்து நாலு வரி எழுதினால் போதும். நிருபர்களும் எழுதினார்கள். பொய் சொல்ல வேண்டியதில்லை. பாறை சுமாராக இருந்தால் சுரங்கப் பாதையைப் புகழலாம். அதுவும் சுமாராக இருந்தால் மேலாளரின் திறமையைப் புகழலாம். வெள்ளி இருக்கிறதா என்ற ஒன்றை மட்டும் தொடாமல் ஒரு பத்தி நிரப்பிவிடலாம். இப்படிச் சேர்ந்த பங்குப் பத்திரங்களால் தன் பெட்டி பாதி நிறைந்திருந்தது என்று ட்வெய்ன் எழுதினார்.

இன்று பெட்டிக்குப் பதில் டீமேட் கணக்கு, பத்திரிகைக்குப் பதில் யூடியூப் சேனலும் டெலிகிராம் குழுவும். கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை: புகழ்கிறவருக்கு இதில் எத்தனை அடி?

அரைக்கல் துண்டில் வெள்ளி

பாறையில் எவ்வளவு உலோகம் என்று சோதித்துச் சொல்லும் பரிசோதகர்கள் அப்போதே இருந்தார்கள. ஆனால் சுரங்கக்காரர்கள் சோதனைக்குக் கொண்டுவந்தது, முழுப் பாறையிலிருந்து பார்த்துப் பார்த்து எடுத்த மிகச் சிறந்த துண்டு. அந்தத் துண்டின் மதிப்பை வைத்து ஒரு டன் பாறைக்கே கணக்குப் போட்டார்கள்.

ஒரு பரிசோதகர் எந்தக் கல்லைக் கொடுத்தாலும் பிரமாதமான முடிவே கொடுப்பாராம். தொழில் அள்ளிக்கொண்டு போனது. பொறுக்க முடியாத போட்டியாளர்கள், தச்சுப் பட்டறை அரைக்கல்லில் ஒரு துண்டை உடைத்து, வெளியூர் ஆள் மூலமாக அவரிடம் அனுப்பினார்கள். டன்னுக்கு ஆயிரம் டாலருக்கும் மேல் வெள்ளி, கூடவே தங்கமும் என்று சான்றிதழ் வந்தது. விஷயம் வெளியானதும் அவர் ஊரைவிட்டே போனார்.

இன்னொரு சுரங்கத்தின் கதையையும் ட்வெய்ன் பதிவு செய்திருக்கிறார். பெயர் நார்த் ஓஃபிர். சுத்தமான வெள்ளிக் கட்டிகளாகவே கிடைத்தது. பங்கு பறந்தது. ஒருநாள் ஒரு கட்டியில் எழுத்துகள் தெரிந்தன. பார்த்தால், அரை டாலர் நாணயங்களை உருக்கிப் போட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் 19ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. 1997இல் கனடாவின் ப்ரீ-எக்ஸ் நிறுவனம் சரிந்தது. இந்தோனேசியாவின் பூசாங்கில் உலகின் மிகப் பெரிய தங்கச் சுரங்கங்களில் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, உச்சத்தில் சுமார் 600 கோடி கனடிய டாலர் மதிப்பைத் தொட்ட நிறுவனம் அது. சோதனைக்குப் போன மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான், 2001இல், தகுதி பெற்ற நிபுணர் பொறுப்பேற்காமல் சுரங்கக் கணக்குகளை வெளியிடக் கூடாது என்ற விதி கனடாவில் வந்தது.

கொலைக் கதைக்குள் ஓர் எச்சரிக்கை

1863 அக்டோபரில் ட்வெய்ன் ஒரு வினோதமான காரியம் செய்தார். அந்த நேரத்தில் சான்பிரான்சிஸ்கோ பத்திரிகைகள், நெவாடா சுரங்கப் பங்குகள் ஆபத்து, அவற்றை விற்று உள்ளூரின் பத்திரமான நிறுவனங்களில் போடுங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தன. ஸ்ப்ரிங் வேலி என்ற குடிநீர் நிறுவனம் அதில் ஒன்று. அந்தப் பத்திரமான நிறுவனமே ஈவுத்தொகையைப் பொய்யாகக் காட்டி விலையை ஏற்றி, உள்ளே இருப்பவர்கள் விற்று வெளியேற வழி செய்கிறது என்பது ட்வெய்ன் தரப்பு.

இதை நேரடியாக எழுதாமல், ஒரு பொய்ச் செய்தி எழுதினார். சுரங்கப் பங்குகளை விற்று அந்தக் குடிநீர் நிறுவனத்தில் பணத்தைப் போட்ட ஒருவர், எல்லாவற்றையும் இழந்து, புத்தி பேதலித்து, மனைவி மக்களைக் கொன்றுவிட்டார் என்று. கொலையின் விவரங்கள் பயங்கரமாக இருந்தன. மற்ற பத்திரிகைகள் அதை நிஜம் என்று நம்பி மறுபதிப்பு செய்தன. மறுநாளே அது கற்பனை என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஊரே திட்டித் தீர்த்தது.

ரத்தத்தைப் படித்தார்கள். ஈவுத்தொகை மோசடியை யாரும் படிக்கவே இல்லை. ஆபத்தானது என்று பெயர் வாங்கியதை விட, பத்திரமானது என்று பெயர் வாங்கியது சில நேரம் மோசமாகக் கடிக்கும் என்ற அவர் கருத்தும் அதோடு மறைந்துபோனது.

அடிக்கு 6,300 டாலர், அப்புறம்?

1864 மே மாதம் ட்வெய்ன் சான்பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். கையில் பங்குகள். விலை ஏறிக்கொண்டே இருந்தது. நல்ல ஓட்டலில் தங்கி, கச்சேரி, விருந்து என்று வாழ்ந்தார். விற்கவில்லை. கூல்டு அண்டு கரி என்ற சுரங்கத்தின் ஓர் அடி 6,300 டாலர் வரை போனது என்று எழுதுகிறார். அப்புறம் சந்தை சரிந்தது. சரிவு என்றால் மெதுவாக இல்லை, அடிப்பலகை உடைந்த மாதிரி. கடன் போக எதுவும் மிஞ்சவில்லை.

காம்ஸ்டாக்கில் இன்னொரு வழக்கமும் இருந்தது. சுரங்க நிறுவனம் பங்குதாரர்களிடமே மேற்கொண்டு பணம் கேட்கும். கட்டினால் பங்கு உங்களிடம், கட்டாவிட்டால் பறிபோகும். காம்ஸ்டாக் நிறுவனங்களில் பங்குதாரரிடம் வாங்கியதை விட அதிகமாக ஈவுத்தொகை கொடுத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அத்தனைக்கும் அது உலகப் புகழ்பெற்ற வெள்ளிப் படிவம்! இன்றைய ஜூனியர் நிறுவனம் உங்களிடம் நேராகக் கேட்காது. புதுப் பங்கு வெளியிடும், உங்கள் பங்கின் கனம் குறையும். பெயர்தான் வேறு.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நெவாடாவில் ட்வெய்ன் இழந்தது பெரிய தொகை இல்லை. ஏனென்றால் அவரிடம் பெரிய தொகையே இல்லை. இளைஞர், தனியாள், எழுதிப் பிழைக்கலாம். 1865 நவம்பரில் கலிபோர்னியாச் சுரங்க முகாமில் கேட்ட ஒரு தவளைக் கதையை எழுதி, நாடு முழுக்கப் பேர் வாங்கினார். சுரங்கம் அவருக்குக் கொடுத்த ஒரே லாபம் கதைகள்தான்.

உண்மையான சுரங்கம் ஹார்ட்ஃபோர்டில் இருந்தது

1870இல் ஒலிவியா லாங்டனைத் திருமணம் செய்தார். எல்மைராவின் நிலக்கரி வியாபாரியின் மகள், வசதியான குடும்பம். புத்தகங்கள் ஓடின. 1874இல் ஹார்ட்ஃபோர்டில் பெரிய வீடு. 1876இல் டாம் சாயர். 1884இல் சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கினார். முன்னாள் அதிபர் கிராண்ட்டின் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டு, அவர் மனைவிக்கு 2 லட்சம் டாலருக்கு ஒரே காசோலை கொடுத்த பதிப்பகம் அது.

நடுவில், 1880இல், ஜேம்ஸ் பெய்ஜ் என்ற கண்டுபிடிப்பாளர் குறுக்கிட்டார். அச்சு எழுத்துகளைத் தானாகக் கோக்கும் இயந்திரம். மனிதன் கையால் செய்வதைப் பல மடங்கு வேகத்தில் செய்யும். சின்ன வயதில் அந்த வேலையைச் செய்த ட்வெய்னுக்கு அதன் அருமை உடனே புரிந்தது. அதுதான் ஆபத்து. சுரங்கத்தைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். அச்சு வேலை தனக்குத் தெரியும் என்று நம்பினார்.

முதலில் போட்டது சில ஆயிரம் டாலர். இழந்தாலும் பரவாயில்லை என்ற தொகை. பிறகு மாதாமாதம் செலவை ஏற்றார். இயந்திரத்தில் சுமார் 18,000 பாகங்கள். பெய்ஜ் ஒரு பூரணத்துவப் பைத்தியம். 1889 ஜனவரியில் இயந்திரம் அழகாக வேலை செய்தது. ட்வெய்ன் துள்ளிக் குதித்தார். பெய்ஜோ இன்னும் மேம்படுத்துகிறேன் என்று அதைப் பிரித்துப் போட்டார்.

இதற்குள் போட்டி ஜெயித்துக்கொண்டிருந்தது. மெர்கந்தாலரின் லைனோடைப் இயந்திரம் 1886லேயே நியூயார்க் ட்ரிப்யூன் அச்சகத்தில் ஓட ஆரம்பித்திருந்தது. அது பெய்ஜின் இயந்திரம் அளவுக்கு நுட்பமானது இல்லை. ஆனால் உடையாமல் ஓடியது.

வெளி முதலீட்டாளர் தேடினார் ட்வெய்ன். நெவாடா செனட்டர் ஜான் ஜோன்ஸ் பணம் போடுவார் என்று வெகுநாள் காத்திருந்தார். காம்ஸ்டாக் வெள்ளியில் சம்பாதித்தவர் ஜோன்ஸ். 1891இல் அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்குள் ட்வெய்ன் தன் பணத்தோடு ஒலிவியாவின் பரம்பரைச் சொத்தையும் இறக்கியிருந்தார். மொத்தம் சுமார் 3 லட்சம் டாலர் வரை போனது என்று மதிப்பிடுகிறார்கள். பதிப்பகமும் நலிந்தது. போப் 13ஆம் லியோவின் வாழ்க்கை வரலாறு கிராண்ட் புத்தகம் போலவே ஓடும் என்று போட்ட கணக்கு பொய்த்தது. 1891இல் ஹார்ட்ஃபோர்டு வீட்டைப் பூட்டிவிட்டு, செலவு குறைவு என்று குடும்பத்தோடு ஐரோப்பா போனார். 1893இன் நிதி நெருக்கடி கடைசி அடி.

பதிப்பகம் கூட்டு வணிகம் என்பதால் கடன் நேராக அவர் தலையில் விழுந்தது. பங்கு வாங்கியிருந்தால் போட்டது மட்டும் போயிருக்கும். இங்கே எல்லையே இல்லை.

ரோஜர்ஸ் வந்தார்

1893இல் ட்வெய்னுக்கு ஹென்றி ரோஜர்ஸ் அறிமுகமானார். ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் பெரிய தலை. வியாபாரத்தில் ஈவு இரக்கம் இல்லாதவர் என்று பெயர். ட்வெய்னிடம் மட்டும் அண்ணன் மாதிரி நடந்துகொண்டார்.

ரோஜர்ஸ் செய்த முதல் நல்ல காரியம், ட்வெய்னின் காசோலைப் புத்தகத்தை அவர் கையிலிருந்து எடுத்ததுதான். பிறகு, ஒலிவியாவும் பதிப்பகத்துக்குக் கடன் கொடுத்தவர் என்பதால், புத்தக உரிமைகளை அவர் பெயருக்கு மாற்றினார். சட்டப்படி சரியான நடவடிக்கை. அன்று பல கடன்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் குடும்பத்திடம் மிஞ்சிய ஒரே உருப்படியான சொத்து அதுதான்.

1894இல் சிகாகோ ஹெரால்டு பத்திரிகையில் பெய்ஜ் இயந்திரத்துக்குச் சோதனை ஓட்டம் நடந்தது. ஓடும்போது அருமையாக ஓடியது, அடிக்கடி நின்றது. ரோஜர்ஸ் பார்த்தார், போதும் என்றார். பாரிஸில் இருந்த ட்வெய்னுக்கு அந்தக் கடிதம் பேரிடி. 14 வருடக் கனவு. அதன் ஓர் இயந்திரம் இன்றும் ஹார்ட்ஃபோர்டில் அவர் வீட்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

கடனுக்காக ஓர் உலகச் சுற்று

சட்டப்படி, பாதிப் பணம் கொடுத்துக் கணக்கை முடித்திருக்கலாம். ஒலிவியா ஒப்புக்கொள்ளவில்லை. முழுசாகக் கட்டுவது என்று முடிவு. 1895 ஜூலையில், கட்டியால் அவதிப்பட்டுக்கொண்டே, மனைவியோடும் மகள் கிளாராவோடும் சொற்பொழிவுப் பயணம் கிளம்பினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை வழியாக 1896 ஜனவரியில் பம்பாய். காசி, கல்கத்தா, டார்ஜிலிங் என்று சுற்றினார். மார்ச் கடைசியில் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய கப்பல் மெட்ராஸில் ஒருநாள் நின்றது. பிறகு இலங்கை, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா.

தென்னாப்பிரிக்காவில் பழைய வாசனை அடித்தது. ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்க முதலாளிகள் சிலர், ஆட்சியைக் கவிழ்க்கும் முயற்சியில் சிக்கிப் பிரிட்டோரியா சிறையில் இருந்தார்கள். ட்வெய்ன் அவர்களைப் போய்ப் பார்த்தார்.

பயணம் வெற்றி. விலை அதிகம். 1896 ஆகஸ்டில் அவர் இங்கிலாந்தில் இருந்தபோது, அமெரிக்காவில் விட்டுவந்த மூத்த மகள் ஸூஸி மூளைக்காய்ச்சலில் இறந்தார். வயது 24. அப்பா பக்கத்தில் இல்லை. தாயும் தங்கையும் நடுக்கடலில். ஒரு முதலீட்டின் நஷ்டத்தைக் கணக்குப் போடும்போது எந்த ஏட்டிலும் ஏறாத வரி இது.

1898இன் தொடக்கத்தில் கடைசிக் கடனும் அடைந்தது. உலகமே பாராட்டியது.

திருந்தினாரா?

அதுதான் இல்லை. அதே 1898இல் வியன்னாவில் துணி வடிவமைப்புக்கான ஒரு புது இயந்திரத்தைப் பார்த்து மறுபடி கணக்குப் போட ஆரம்பித்தார். ரோஜர்ஸ் தரப்பு தடுத்தது. பிறகு பிளாஸ்மான் என்ற பால்புரத மாவு நிறுவனத்தில் போட்டார். அதன் அமெரிக்கக் கிளையில் போட்டது போச்சு.

இன்னொரு முரணும் உண்டு. 1899இல் அமால்கமேட்டட் காப்பர் என்ற தாமிரச் சுரங்க நிறுவனத்தை 7.5 கோடி டாலருக்குப் பங்குச் சந்தையில் இறக்கியவர்களில் முக்கியமானவர் இதே ரோஜர்ஸ். வாங்கிய விலையை விட மிக அதிக விலைக்குப் பொதுமக்கள் தலையில் கட்டினார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. பங்கு சில வருடங்களில் பெரிதாகச் சரிந்து, சாதாரண மக்கள் நிறைய இழந்தார்கள். ட்வெய்னைக் காப்பாற்றியவர், மேசையின் மறுபக்கத்தில் இருந்தார்.

1910 ஏப்ரல் 21 அன்று ட்வெய்ன் காலமானார். விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு 4 லட்சம் டாலருக்கும் மேல். அவர் கையால் எழுதியதும், ரோஜர்ஸ் அவர் கையில் கொடுக்காமல் பார்த்துக்கொண்டதும்தான் அதன் அடிப்படை.

இவர் வாழ்க்கை கேட்கச் சொல்லும் கேள்விகள்

* உரிமை உறுதியா? நிலத்தின் உரிமம் எதுவரை, எந்த நிபந்தனையில்?
* மாதிரியை யார் எடுத்தார்கள், யார் சோதித்தார்கள்? சிறந்த ஒரு துளையின் முடிவா, எல்லாத் துளைகளின் முடிவுமா?
* கையில் எத்தனை மாதச் செலவுக்குக் காசு இருக்கிறது? அடுத்த பங்கு வெளியீடு எப்போது?
* புகழ்பவருக்குப் பங்கு சும்மா கிடைத்ததா?
* முழுசாகப் போனாலும் வீட்டு வாடகை, பிள்ளை படிப்பு, மனைவியின் பணம் இவை தப்புமா?
* ஏறினால் எப்போது விற்பது, இறங்கினால் எங்கே நிறுத்துவது என்பது வாங்குவதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டதா?

முதல் நான்கையும் ட்வெய்ன் நெவாடாவிலேயே கற்றுக்கொண்டார். யாரையும் விட அழகாக எழுதியும் வைத்தார். கடைசி இரண்டைத்தான் கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிச் சுரங்கம் அவரிடமிருந்து பறித்தது ஓர் இளைஞனின் சேமிப்பு. நூற்றுக்கு நூறு நிச்சயம் என்று அவர் நம்பிய இயந்திரம்தான் வீட்டையே காலி செய்தது.